முதல் ஆறு வாரம்: அடாபலினா, ட்ரெட்டினாயினா, கேப்ஸ்யூலா?

அக்கா மகள் போன மே மாதம் அடாபலின் ஜெல் ஆரம்பித்தாள். மூன்றாவது வாரம் குரோம்பேட்டையிலிருந்து வீடியோ கால். "சித்தி, இது வேலை செய்யுதா, இல்ல என் மூஞ்சியைக் கெடுக்குதா?" தாடையோரம் வரிசையாகப் புதுப் பருக்கள். பின்னாலிருந்து அக்காவின் குரல்: "கத்திரி வெயில்ல தினமும் மாம்பழம் தின்னா சூடு கிளம்பாம என்ன பண்ணும்?"

இதே கேள்வியை ஆறு வருடத்துக்கு முன்னால் ட்ரெட்டினாயின் தடவிக்கொண்டு நானும் கேட்டிருக்கிறேன். ஆபீஸ் தோழி ஒருத்தி ஐசோட்ரெட்டினாயின் கேப்ஸ்யூல் போட்டுக்கொண்டு கேட்டாள். மூன்று பேருக்குமே ஆரம்பத்தில் பரு கூடியது, ஆனால் ஒரே மாதிரி கூடவில்லை. பரு மருந்துகளைப் பற்றிப் பேசும்போது கடைசியில் எது நன்றாகக் கேட்கும் என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் முதல் ஆறு வாரத்தை வைத்துப் பார்க்கிறேன். நிறையப் பேர் ட்யூபைத் தூக்கி எறிவது அங்கேதான்.

முதலில், ஏன் கூடுகிறது? பரு ராத்திரியோடு ராத்திரியாக முளைப்பதில்லை. துளைக்குள் எண்ணெயும் செத்த செல்லும் அடைத்து, கண்ணுக்குத் தெரியாத மொட்டாகப் பல வாரம் உள்ளே கிடந்துதான் வெளியே வருகிறது. இந்த மூன்றும் ரெட்டினாய்டு என்ற வகை மருந்துகள், தோல் புதுப்பிக்கும் வேகத்தைக் கூட்டுகின்றன. அடுத்த மாதம் ஒவ்வொன்றாக வரவேண்டியதெல்லாம் இந்த மாதமே மொத்தமாக வந்து நிற்கும். இதைத்தான் பர்ஜிங் என்கிறார்கள். வழக்கமாகப் பரு வரும் இடத்திலேயே வரும், சின்னதாக வரும், சீக்கிரம் போகும். இதுவரை பருவே வராத கன்னத்து மேட்டிலோ கண்ணோரத்திலோ எரிந்து, சிவந்து, உரிந்தால் அது வெறும் எரிச்சல். கண் இமை வீங்கினால் அலர்ஜியாக இருக்கலாம், அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகவேண்டும். நாம் எல்லாவற்றுக்கும் பர்ஜிங் என்று ஒரே பேர் வைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு தடவுகிறோம். நான் செய்த தப்பு அதுதான்.

அடாபலினும் ட்ரெட்டினாயினும்

ட்ரெட்டினாயின் மூத்தது. அமெரிக்காவில் 1971-இல் பருவுக்கு அனுமதி பெற்றது. அடாபலின் 1996-இல்தான் வந்தது. அங்கே 0.1% அடாபலினை 2016 முதல் சீட்டு இல்லாமலே வாங்கலாம். நம் ஊரில் டாக்டர் எழுதித்தான் வாங்கவேண்டும்.

பருவுக்கு மட்டும் என்றால் 0.1% அடாபலினும் 0.025% ட்ரெட்டினாயினும் ஏறக்குறைய ஒரே பலன்தான். வித்தியாசம் எரிச்சலில் இருக்கிறது, அங்கே அடாபலின் சாது. இன்னொன்று, ட்ரெட்டினாயின் வெளிச்சம் பட்டால் சிதையும், அதனால் ராத்திரி மட்டுமே. பழைய வகை ட்ரெட்டினாயின் மேல், பருக் கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு தடவினாலும் வீரியம் போய்விடும். அடாபலினுக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை, பெராக்சைடோடு சேர்த்து ஒரே ட்யூபிலேயே கிடைக்கிறது.

எனக்கு 0.025% எழுதியிருந்தார்கள். ஒரு மாதம் கழித்து அது கிடைக்கவில்லை என்று கடையில் 0.05% கொடுத்தார்கள். "அதேதாம்மா, கொஞ்சம் ஸ்ட்ராங்" என்றதும் வாங்கிக்கொண்டேன். மே மாதம், வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில், மூஞ்சியில் வியர்வை காயவே காயாது. ராத்திரி வந்து நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகுமுன் பூசிவிடுவேன். ஈரத் தோலில் ட்ரெட்டினாயின் இன்னும் காட்டமாக இறங்கும் என்று அப்போது தெரியாது. பத்தாம் நாள் வாயோரம் வெடித்து ரசம் சாதம்கூட எரிந்தது. பரு மூன்று மாதத்தில் அடங்கியது. எரிச்சல் விட்டுப்போன கறுப்பு ஒரு வருடம் இருந்தது.

அந்தக் கறுப்புதான் நம் தோலுக்கு முக்கியமான கணக்கு. மாநிறத் தோலில் எந்த எரிச்சலும் கறையை விட்டுத்தான் போகும். வெள்ளைத் தோல்காரர்கள் சிவப்பு போனதும் மறந்துவிடும் விஷயம் நமக்கு மாதக்கணக்கில் கண்ணாடியில் தெரியும். அதனால் பருவுக்கு முதல் தடவை மருந்து ஆரம்பிக்கும் ஒரு சென்னைவாசிக்கு, டாக்டர் இரண்டில் எதுவும் சரி என்றால், நான் யோசிக்காமல் அடாபலின் பக்கம்தான். பழைய கறை, சுருக்கம் என்று வேறு கணக்கும் இருந்தால் ட்ரெட்டினாயினுக்கு நியாயம் உண்டு. கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் அதற்குத் தயாராகிறவர்களுக்கும் இரண்டும் வேண்டாம்.

அக்கா மகளின் டாக்டர் சொன்ன முறை எனக்குப் பிடித்தது. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். முகம் கழுவி இருபது நிமிடம் காயவிட்டு, முகம் முழுக்கச் சேர்த்து ஒரே ஒரு பட்டாணி அளவு. பரு இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைப்பதில் பிரயோஜனம் இல்லை, மொட்டுகள் மற்ற இடத்திலும் ஒளிந்திருக்கும். எரிந்தால் மருந்துக்கு முன்னும் பின்னும் மாய்ஸ்சரைசர். "இந்தப் புழுக்கத்துல க்ரீமா?" என்று அவள் அலுத்துக்கொண்டாள். ஜெல் மாதிரி இருக்கும் எண்ணெய்ப் பசையில்லாத வகை போதும். காலையில் சன்ஸ்க்ரீன். நலங்கு மாவு, எலுமிச்சை, ஸ்க்ரப், பார்லர் ப்ளீச் எல்லாவற்றுக்கும் இரண்டு மாதம் லீவு. தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றிக்கு இறங்கக்கூடாது என்றதும் பாட்டிக்குத்தான் வருத்தம்.

கேப்ஸ்யூல் வேறு ஜாதி

ஐசோட்ரெட்டினாயினை ஜெல்லோடு ஒரே தட்டில் வைப்பதே சரியில்லை. 1982 முதல் கட்டிக்கட்டியாக வந்து தழும்பு விடும் பருவுக்குக் கொடுக்கிறார்கள். எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும். ஆரம்ப வெடிப்பும் அதற்கேற்றபடி, மருந்தளவைப் பொறுத்து இருக்கும். முழு அளவு என்பது ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம். பல டாக்டர்கள் முதல் மாதம் அதற்கும் கீழே தொடங்கி ஏற்றுவதே இந்த வெடிப்பைத் தணிக்கத்தான். என் தோழிக்கு எடுத்த எடுப்பிலேயே 40 மில்லிகிராம். முகம் மட்டுமில்லை, முதுகிலும் வெடித்து பஸ் சீட்டில் சாயமுடியாமல் வந்தாள். இரண்டாவது டாக்டர் அளவைப் பாதியாக்கியதும் அடங்கியது. சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொல்வார்கள், கொழுப்போடு போனால்தான் உடம்பில் ஏறும்.

கூடவே காய்ச்சல், மூட்டு வலி, பரு புண்ணாகி ரத்தம் கட்டுவது என்று வந்தால் அது பர்ஜிங் இல்லை. அபூர்வம்தான், ஆனால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கவேண்டிய விஷயம்.

கருவில் இருக்கும் குழந்தைக்கு இந்த மருந்து கடுமையான ஊனத்தை உண்டாக்கும். சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் கூடாது, ரத்ததானமும் கூடாது. கல்லீரல், கொழுப்பு ரத்தப் பரிசோதனைகள் உண்டு. மனசு சரியில்லாமல் போனால் மறைக்காமல் சொல்லவேண்டும். உதடு வெடிப்பது ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், அதைச் சகித்துக்கொள்ளலாம். இத்தனையும் இருந்தும், தழும்பு விழ ஆரம்பித்துவிட்ட முகத்துக்கு ஜெல்லை வைத்து ஒரு வருடம் ஓட்டுவதைவிட கேப்ஸ்யூல்தான் சரி என்பேன்.

மற்றவை

பென்சாயில் பெராக்சைடு, ஆன்டிபயாடிக்குகளான டாக்ஸிசைக்ளின் மாத்திரை, க்ளிண்டாமைசின் ஜெல் மூன்றும் செல்லின் வேகத்தைத் தொடுவதில்லை. எனவே இவற்றில் பர்ஜிங் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். பெராக்சைடில் காய்ந்து எரியும், 2.5 சதவீதமே போதும், தலையணை உறை வெளுத்துப்போகும். டாக்ஸிசைக்ளினில் வெயில் சீக்கிரம் சுடும், விழுங்கியதும் படுத்தால் தொண்டைக்குக் கீழே புண்ணாகும். இதை ஐசோட்ரெட்டினாயினோடு சேர்க்கவே கூடாது. க்ளிண்டாமைசினைத் தனியாகவே தடவினால் கிருமி பழகிவிடும். ஆன்டிபயாடிக் ஆரம்பித்தபின் நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவில் அரிக்கும் பொரிகள் வந்தால் அது ஈஸ்ட் என்ற பூஞ்சையாக இருக்கலாம், சென்னைப் புழுக்கத்துக்கு இது சகஜம், மருந்தே வேறு. அசெலாயிக் ஆசிட் முதல் சில வாரம் குறுகுறுவென்று அரிக்கும், மெதுவாகத்தான் கேட்கும். ஆனால் கறையையும் குறைக்கும், கர்ப்பத்திலும் பொதுவாகப் பாதுகாப்பானது.

இவை எல்லாவற்றுக்கும் உண்மையான போட்டி மூன்றாவது வாரத்தில் வரும். யாரோ ஒரு பெரியம்மா, "நான் போடுறதைப் போட்டுப் பாரு, மூணே நாள்ல பளிச்சுன்னு ஆயிடும்" என்று ஒரு ட்யூபை நீட்டுவார். ஆகத்தான் ஆகும், உள்ளே ஸ்டீராய்டு இருந்தால். சிவப்பும் வீக்கமும் அமுங்கும், நிறமும் வெளுத்த மாதிரி தெரியும். நிறுத்தினால் பரு இரட்டிப்பாகத் திரும்பும், தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும், மறுபடி அதே ட்யூபைத் தேடவேண்டிவரும். 2018-இல் இந்த வகை க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அரசு ஆணை வந்தும், கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன.

அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலும் அப்படி ஒன்று இருந்தது. வீடியோ காலிலேயே பின்பக்கத்து எழுத்தைக் காட்டச் சொன்னேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு. "இது மங்குக்குன்னு டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்ததுடி" என்றாள் அக்கா. எத்தனை வாரத்துக்கு என்று கேட்டேன். சீட்டைத் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், எட்டு வாரம். தேதி நாலு வருடம் பழையது.