ஈலாக்கா, ஈலேப்எஃப்டிடபிள்யூவா: ஆய்வகப் பதிவேட்டுக்கு எது சரி?

இரவு 2:40-க்கு வேக்குவம் பம்ப் நின்றது, 3:05-க்கு மறுபடி ஓடியது என்று எழுதி வைப்பது ஒரு வேலை. மூன்று மாதச் சோதனையின் நோக்கம், அளவுகள், முடிவு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கோத்து வைப்பது வேறு வேலை. முன்னது லாக்புக், பின்னது லேப் நோட்டு. இரண்டையும் ஒன்றென நினைத்துத்தான் பல ஆய்வகங்கள் தவறான மென்பொருளை நிறுவிவிட்டு, ஆறு மாதத்தில் பேப்பர் நோட்டுக்கே திரும்புகின்றன.

ஈலாக் (ELOG) என்ற மென்பொருள் முன்னதற்கானது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் இன்ஸ்டிட்யூட்டில் ஸ்டெஃபான் ரிட் சி மொழியில் எழுதியது. வெப் சர்வர் அதற்குள்ளேயே இருக்கிறது, டேட்டாபேஸ் கிடையாது. மூலையில் கிடக்கும் பழைய கணினியே போதும். 8080 போர்ட்டில் ஓடவிட்டால் பிரவுசரில் திறந்துவிடும். அமைப்பு முழுவதும் ஒரே கன்ஃபிக் ஃபைலில்: சதுர அடைப்புக்குறிக்குள் பெயர் போட்டால் ஒரு லாக்புக், அதன்கீழ் அதன் புலங்கள், அதாவது ஒவ்வொரு பதிவிலும் நிரப்ப வேண்டிய கட்டங்கள்.

புலங்களில்தான் கை அடங்காமல் போகும். எழுதியவர், கருவி, வகை, தலைப்பு என்று நான்கு போதும். பத்துப் புலங்களைக் கட்டாயமாக்கினால் ராத்திரி ஷிஃப்ட்டில் இருப்பவர் புள்ளி வைத்து நிரப்பிவிட்டுப் போவார். கருவியும் வகையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பவையாக இருக்கட்டும். எழுதியவர் புலத்தை லாகின் பெயரிலிருந்து தானாக வரும்படி 'ப்ரீசெட்' செய்து பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஒரே ஆள் மூன்று ஸ்பெல்லிங்கில் பதிவாகி, ஃபில்டரே பயனற்றுப்போகும். தமிழில் எழுதுவதாக இருந்தால் கேரக்டர் செட் (எழுத்துக் குறியீட்டு முறை) யூடிஎஃப்-8 என்று கன்ஃபிக்கில் வெளிப்படையாகக் குறிப்பிடுவது நல்லது.

இதன் பெரிய பலம் சேமிக்கும் விதம். நாளுக்கொரு டெக்ஸ்ட் ஃபைல். பெயரில் ஆண்டு, மாதம், தேதி ஆறு இலக்கமாக இருக்கும். திறந்து பார்த்தால் பதிவு எண், தேதி, புலங்கள், ஒரு வரி நிறையச் சமக்குறிகள், அதன்கீழ் எழுதியது. ஃபோல்டரைக் காப்பி எடுத்தாலே பேக்கப் முடிந்தது. இருபது வருடம் கழித்தும் நோட்பேடில் படிக்கலாம். ஆனால் புரோகிராம் ஓடும்போதே அந்த ஃபைலைக் கையால் திருத்தக் கூடாது. பதிவுகளின் அட்டவணை மெமரியில் இருப்பதால், நிறுத்தித் திருத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இன்னொரு வழக்கமான தவறு, சோதித்துப் பார்க்க ஒருமுறை ரூட் பயனராக (முழு அதிகாரமுள்ள கணக்கில்) ஓடவிடுவது. அப்போது உருவான ஃபைல்கள் ரூட்டின் பெயரில் நின்றுவிடும். பிறகு சாதாரணப் பயனராக ஓடும் சர்வீஸ் அவற்றில் எழுத முடியாமல் திணறும்.

பலவீனம்: திருத்தினால் பழைய வாசகம் மேலெழுதப்படும். எழுதியவர் மட்டுமே திருத்தலாம், அதுவும் இத்தனை மணி நேரத்துக்குள் என்று கன்ஃபிக்கில் வரம்பு போடுங்கள். அதற்குப் பிந்திய திருத்தம் 'ரிப்ளை'யாக வரட்டும்.

யார், எப்போது, எதை மாற்றினார் என்று நிரூபிக்க வேண்டிய இடத்துக்கு ஈலேப்எஃப்டிடபிள்யூ (eLabFTW) என்ற லேப் நோட்டு மென்பொருள். பாரிஸின் கியூரி இன்ஸ்டிட்யூட்டில் நிக்கோலா கார்ப்பி தொடங்கியது. பழைய பதிப்புகளைக் காக்கும், பக்கத்தைப் பூட்டும், ஆர்எஃப்சி 3161 என்ற இணையத் தரநிலைப்படி நேர முத்திரை இடும். ரசாயனப் பொருள் இருப்பும் கருவி முன்பதிவும் உடன் கிடைக்கும்.

இதற்குக் கொடுக்கும் விலை, நிறுவும் பாடு. டாக்கரில் (மென்பொருளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) இரண்டு கண்டெய்னர், அதாவது பெட்டி: ஒன்றில் நிரல், இன்னொன்றில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இரு பகுதியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சைட் யூஆர்எல், உண்மையில் பிரவுசரில் அடிக்கும் முகவரியாகவே இருக்க வேண்டும். கண்டெய்னர் எழுந்ததும் டேட்டாபேஸை உருவாக்கும் கட்டளையை ஒருமுறை தனியாக ஓட்ட வேண்டும். 'நிறுவினேன், எரர் வருகிறது' என்றால் முதலில் இதைப் பாருங்கள். முதலில் பதிவு செய்பவரே சிஸ்டம் அட்மின் ஆகிவிடுவார். ஆகவே மாணவர்களுக்கு லிங்க் அனுப்பும் முன் நீங்கள் பதிவு செய்துவிடுங்கள்.

மாதிரி கன்ஃபிக்கில் நேர மண்டலம் பாரிஸ் என்று இருந்தால் ஏசியா/கொல்கத்தா என்று மாற்றாமல் விடாதீர்கள். குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி பின்தங்கிய நேரம் விழும்.

இங்கே பேக்கப் என்பது மூன்று: டேட்டாபேஸ் டம்ப் (முழு டேட்டாபேஸையும் ஒரு ஃபைலாக ஏற்றுமதி செய்தது), அப்லோட் ஃபோல்டர், ரகசியச் சாவி உள்ள கன்ஃபிக் ஃபைல். ஓடிக்கொண்டிருக்கும் மைஎஸ்க்யூஎல் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுப்பது பேக்கப் ஆகாது.

இரண்டுக்கும் பொதுவான தொல்லை ஒன்று: முன்னால் என்ஜின்எக்ஸ் (கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் வெப் சர்வர்) வைத்தால் 1 எம்பிக்கு மேற்பட்ட படம் 413 எரரில் நின்றுவிடும், அதன் இயல்பு வரம்பு அவ்வளவுதான். அதை உயர்த்துங்கள். ஈலாக்கில் யூஆர்எல் அமைப்பையும் வெளி முகவரிக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் லாகின் செய்ததும் உள்முகவரிக்குத் தள்ளிவிடும்.

ஃபீபஸ் ஓலாக் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அதற்கு எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் பொறி, மாங்கோடிபி என்ற டேட்டாபேஸ் இரண்டையும் கட்டி மேய்க்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் ஏற்கெனவே ஈபிக்ஸ் (பெரிய கருவிகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்) ஓடாதவர்கள் அதைத் தொட வேண்டியதில்லை.

ஒரு கருவி, பல ஷிஃப்ட் என்றால் ஈலாக். பல மாணவர், பல சோதனை என்றால் ஈலேப். இரண்டும் இருக்கும் பெரிய ஆய்வகம் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்: ஈலாக் பதிவு ஒவ்வொன்றுக்கும் லாக்புக் பெயரும் எண்ணும் சேர்ந்த முகவரி உண்டு, அதை ஈலேப் பக்கத்தில் ஒட்டினால் போதும். அந்தப் பதிவைப் பிறகு வேறு லாக்புக்குக்கு நகர்த்தாதீர்கள். எண் மாறி லிங்க் அறுந்துவிடும்.