கரூரில் செய்த ஃபைபர் முகப்புப் பழுது: 14 மாதங்களுக்குப் பிறகு ஒரு மதிப்புரை

எங்கள் சுற்றுலா மினி பேருந்தின் ஃபைபர் முகப்பு விரிசல் விட்டபோது, அதைச் சரிசெய்து தந்த கரூர்ப் பட்டறை ஒன்றின் வேலையைப் பற்றி எழுதுகிறேன். வண்டி வெளியே வந்த வாரமே எழுதியிருந்தால் பெயிண்டின் பளபளப்பைத்தான் பாராட்டியிருப்பேன். ஃபைபர் வேலையின் தரம் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்த பிறகே தெரியும் என்பதை ஏற்கெனவே ஒரு முறை காசைக் கொட்டித் தெரிந்துகொண்டிருந்ததால், 14 மாதங்களும் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டரும் பொறுத்திருந்தேன்.

2016-இல் சேசிஸ் (எஞ்சினும் சக்கரமும் கொண்ட அடிச்சட்டம்) வாங்கி, கூண்டு, அதாவது பேருந்தின் உடல், கட்டும் தொழிலுக்குப் பெயர்போன கரூரிலேயே கட்டிய வண்டி அது. பக்கவாட்டில் தகடு, முன்ஷோ, பின்ஷோ என்று பட்டறைகளில் சொல்லும் முகப்பும் பின்புறமும் ஃபைபர், அதாவது மேட் எனப்படும் கண்ணாடி இழை விரிப்பைப் பாலியெஸ்டர் ரெசின் என்ற பிசினில் நனைத்து, அச்சின் மேல் அடுக்கடுக்காகப் போட்டு இறுகவைத்த பாகங்கள். தகட்டில் வளைத்து எடுக்க முடியாத வடிவத்தை அச்சில் எளிதாக எடுக்கலாம் என்பதும், துருப்பிடிக்காது என்பதும் இதன் பலம். இந்தப் பலம் வெறும் விற்பனைப் பேச்சு அன்று. எட்டு ஆண்டுகளில் எங்கள் வண்டியின் சக்கர வளைவுத் தகட்டை இரண்டு முறை வெட்டி ஒட்ட நேர்ந்தது, ஆனால் ஃபைபரில் அரிப்பு என்ற பேச்சே எழவில்லை. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 1953-இல் கையால் கட்டிய முதல் 300 கார்வெட் கார்களின் உடலும் இதே கண்ணாடி இழைதான், அவற்றில் பெரும்பாலானவை இன்னும் இருக்கின்றன. பொருள் நீடிக்கும். நீடிக்காமல் போவது அதைப் பொருத்திய விதமும், அடிபட்ட பிறகு அதில் கைவைத்த விதமும்தான்.

ஒட்டன்சத்திரம் சந்தைக்கு அருகே பின்னோக்கி வந்த ஒரு லாரி இடப்பக்க முகப்பு விளக்கின் மூலையில் இடித்தது. தகடாக இருந்தால் உள்ளே குழிந்திருக்கும். ஃபைபர் குழியாது, விரியும். விளக்கின் கீழ் விளிம்பிலிருந்து வைப்பர் வரை இரண்டு அடிக்கு விரிசல் ஓடியது. சீசன் நேரம் என்பதால், வழக்கமாகத் தகட்டு வேலைக்குப் போகும் ஒரு டிங்கரிங் கடையில் விட்டேன். அவர்கள் மறுநாளே முடித்து, அழகாகத்தான் தந்தார்கள். ஐந்தாவது மாதம், கொடைக்கானல் மலைப்பாதையில் இரண்டு சவாரி முடித்து வந்தபோது, அதே கோட்டில் பெயிண்ட் பிளந்திருந்தது. விரலால் தொட்டால் ஓரம், பெயிண்டுக்கு அடியில் பூசிய பட்டியோடு பெயர்ந்து வந்தது.

அதன்பிறகுதான் ஃபைபர் வேலை மட்டுமே செய்யும் இந்தப் பட்டறைக்குப் போனேன். அறுபது வயதை ஒட்டிய மேஸ்திரி விலை எதுவும் சொல்லாமல், சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து விரிசலின் இருபுறமும் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று வந்தது. விரிசலை நெருங்க நெருங்க மொத்தென்று அடங்கியது. ஓசை மாறிய இடங்களைச் சாக்பீஸால் சுற்றி வளைத்தபோது, கண்ணுக்குத் தெரிந்த கோட்டைவிட மூன்று மடங்கு அகலமான ஒரு திட்டு கிடைத்தது. முன்ஷோவைக் கழற்றி, அந்த இடத்தின் பெயிண்டைக் கிரைண்டரால் எடுத்துவிட்டுப் பின்னாலிருந்து ஒரு பல்பைப் பிடித்தார். ஃபைபர் ஒளியை ஓரளவு விடும். அடி வாங்கி அடுக்குகள் பிரிந்த இடம் மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. நடுவில் ஒளியே புகாத ஒரு பட்டை இருந்தது. "பட்டி வச்சு மறைச்சிருக்காங்க சார், உள்ள மேட்டே போடல" என்றார். முதல் கடையின் வேலை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. பட்டி மேடுபள்ளத்தை நிரவும் பொருள்; அதில் இழை இல்லை, இழுவிசையைத் தாங்காது. கரும்பலகையின் விரிசலைச் சுண்ணாம்பால் நிரப்புவதும் அதுவும் ஒன்றுதான்.

வேலையை அருகிலிருந்து பார்க்க அனுமதித்தார்கள். இதையே இந்தப் பட்டறையின் முதல் சிறப்பாகக் கருதுகிறேன். உப்புத்தாளைத் தொடுவதற்கு முன்பே அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தார்கள். மெழுகும் பாலிஷும் மேலே இருக்கும்போது தேய்த்தால் அவை கீறல்களுக்குள் அழுந்தி, புது ரெசின் பிடிக்காமல் போய்விடுமாம். பிறகு விரிசலின் ஓரத்தை உட்புறத்திலிருந்து சரிவாகத் தேய்த்தார்கள். முன்ஷோவின் கனம் சுமார் 4 மில்லிமீட்டர்; அதற்கு ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் சரிவு, அதாவது கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு. பழைய ரெசின் இறுகி முடிந்துவிட்டதால் புதியது அதனோடு வேதியியல் முறையில் ஒன்றாகக் கலப்பதில்லை, ஒட்டிக்கொள்ள மட்டுமே செய்கிறது. எனவே ஒட்டும் பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் இணைப்பின் பலம். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளை போட்டு, அது மேலும் ஓடாதபடி நிறுத்தினார்கள்.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். நான்கு அடுக்குகளை ஒன்றைவிட ஒன்று பெரிதாகக் கத்தரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ரெசினில் நனைத்து, வரிவரியான உலோக உருளையால் காற்றுக் குமிழ்கள் வெளியேறும்வரை உருட்டினார்கள். குமிழ் தங்கினால் அந்த இடம் பின்னாளில் வெயிலில் பொங்கும். ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரைக் கண்ணளவில் ஊற்றாமல் அளவுக் குப்பியில் அளந்து, ரெசினில் ஒன்றரை சதவீதம் சேர்த்ததைப் பார்த்தேன். அவசரத்துக்குக் கூடுதலாக ஊற்றினால் கலவை கொதித்து, இறுகும்போதே மயிரிழை வெடிப்புகள் விழும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் டப்பாவும் ஹார்ட்னர் டப்பாவும் பட்டறையின் எதிரெதிர் மூலைகளில் இருந்தன; இரண்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும் என்பதால், கோபால்ட்டை முதலில் ரெசினில் கலந்துவிட்டு, பிறகே ஹார்ட்னரைச் சேர்க்கிறார்கள்.

இத்தனைக்கும் மேலாக நான் மதிப்பது, கேட்காமலே அவர்கள் செய்த ஒரு வேலையை. விரிசல் ஏன் வைப்பரை நோக்கி ஓடியது என்று பார்த்ததில், அந்தப் பாதையில் இருந்த ஒரு போல்ட் துளையைச் சுற்றி நட்சத்திரம்போல் பழைய கீறல்கள் இருந்தன. கூண்டு கட்டியபோதே இரும்புச் சட்டத்தோடு முன்ஷோவைச் சிறு வாஷர் போட்டு முறுக்கி இறுக்கியிருக்கிறார்கள். வெயிலில் இந்த ஃபைபர் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். அதற்கு இடம் விடாமல் இறுக்கினால் துளையின் விளிம்பே கிழியத் தொடங்கும். துளைகளைச் சற்றே பெரிதாக்கி, வெட்டிய விளிம்புகளில் ஈரம் ஏறாதபடி ரெசின் பூசி, துளைக்குள் உட்காரும் ரப்பர் புஷ்ஷும் அகலமான வாஷரும் வைத்துப் பொருத்தினார்கள். எங்கள் ஊர் கடையில் பட்டி பூசியவருக்கும் இந்த மேஸ்திரிக்கும் உள்ள தூரத்தை அந்த ரப்பர் புஷ்தான் எனக்குக் காட்டியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்று நாள் என்று சொன்னது ஏழு நாள் ஆனது. அதில் ஐப்பசி மழையும் ஈரக்காற்றும் ஒரு பங்கு, ரெசின் நன்றாக இறுகும்வரை பெயிண்டுக்கு அனுப்ப மாட்டேன் என்ற மேஸ்திரியின் பிடிவாதம் ஒரு பங்கு. அந்தப் பிடிவாதம் சரியானதே. அரைகுறையாக இறுகியதன்மேல் அடித்த பெயிண்டில் சில வாரங்களில் இழையின் தடம் தெரியத் தொடங்கும். ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு சவாரிகளை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டிருப்பேன். பெயிண்ட் நிறமும் முழுதாகப் பொருந்தவில்லை, உச்சி வெயிலில் இடப்பக்கம் ஒரு சாயல் வெளுத்துத் தெரிகிறது. எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது, தேய்த்த இரண்டு இளைஞர்களும் முகத்தில் கைக்குட்டை மட்டும் கட்டியிருந்ததுதான். கண்ணாடித் தூசும் ரெசின் ஆவியும் கைக்குட்டைக்கு அடங்குபவை அல்ல. நல்ல முகக்கவசத்துக்காகக் கூலியில் இருநூறு ரூபாய் கூட்டிக் கேட்டாலும் கொடுப்பேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

பெயிண்டோடு சேர்த்து 13,500 ரூபாய் ஆனது. புது முன்ஷோ மாற்ற எனக்குச் சொன்ன தொகையில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. விளக்கு உட்காரும் இடமே நொறுங்கி, துண்டுகள் காணாமல் போயிருந்தால் மாற்றுவதே மேல். விரிசலும் அடுக்குப் பிரிவும் மட்டும் என்றால் பழுது பார்ப்பதே நியாயம். இதைப் படித்துவிட்டுக் காரின் பம்பரை இங்கே எடுத்துப் போக வேண்டாம். இன்றைய கார் பம்பர்களில் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக், உட்புறத்தில் 'பி.பி.' என்ற எழுத்துகள் அச்சாகியிருக்கும். பாலியெஸ்டர் ரெசின் அதில் ஒட்டவே ஒட்டாது, அதற்குப் பிளாஸ்டிக் வெல்டிங் செய்யும் ஆள் வேண்டும்.

சென்ற ஞாயிறு வண்டியைக் கழுவிவிட்டு, மேஸ்திரி செய்ததுபோலவே ஒரு ரூபாய் நாணயத்தால் விளக்கிலிருந்து வைப்பர்வரை தட்டிப் பார்த்தேன். ஓசை எங்கும் அடங்கவில்லை, பழைய கோடு எங்கே ஓடியது என்று தேட வேண்டியிருந்தது. வலப்பக்கத்தில் மட்டும், கூண்டு கட்டியபோது போட்ட பழைய போல்ட் ஒன்றைச் சுற்றிச் சிறு நட்சத்திரக் கீறல் தொடங்கியிருக்கிறது. தை மாதச் சவாரிகள் தொடங்குமுன் அந்தப் பக்கத்துக்கும் ரப்பர் புஷ் போட நாள் கேட்டிருக்கிறேன். இந்த முறை ஏழு நாள் என்றே சொல்லியிருக்கிறார்கள்.