லண்டன் பனிக்கு எந்தக் கையுறை? ரிசெப்ஷன் வகுப்பில் மாட்டிப் பார்த்த மிட்டன்

சின்னப் பிள்ளைகளுக்குப் பனிக் கையுறை வாங்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கிளவுஸ் வேண்டாம், கம்பளிக் கையுறையும் வேண்டாம். கட்டைவிரல் மட்டும் தனியாக இருக்கிற, தண்ணீர் புகாத, கோட்டின் கைக்கு மேலே முழங்கையை நோக்கி ஏறுகிற மிட்டன்தான் வேண்டும். நான் லண்டனில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ரிசெப்ஷன் வகுப்பு டீச்சர், நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள், வகுப்பில் 30 பேர். பெற்றோர் சங்கம் சமோசாவும் கேக்கும் விற்றுச் சேர்த்த பணத்தில் வகுப்புக்கு மொத்தமாக வாங்கிய மிட்டன் இது. வெளியே தண்ணீர் இறங்காத பூச்சுப் போட்ட பாலியெஸ்டர் துணி, உள்ளே ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற கதகதப்புத் துணி, மணிக்கட்டில் ஒரு வெல்க்ரோ பட்டை, கருநீல நிறம்.

லண்டனில் தரையில் தங்குகிற மாதிரி பனி விழுவதே அபூர்வம், அதுவும் பள்ளி நாளில் விழுந்து, பள்ளியும் திறந்திருந்து, பிள்ளைகளும் வந்து சேர்வது அதைவிட அபூர்வம். 2009 பிப்ரவரி 2 அன்று கொட்டிய பனியில் நகரத்துப் பேருந்துகள் எல்லாமே நின்றுபோயின, பள்ளிக்கு யார் வருவது! 2022 டிசம்பரில் ஞாயிறு இரவு பெய்த பனி, 12ஆம் தேதி திங்கட்கிழமை காலையில் மைதானம் முழுக்க அப்படியே கிடந்தது. சில பள்ளிகள் மூடிவிட்டன, நாங்கள் திறந்தோம். பல பிள்ளைகளுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் பனி. பாடத்திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டேன், அதைவிட நல்ல பாடம் அன்றைக்கு வகுப்புக்குள்ளே எதுவும் இல்லை.

ஆனால் 30 பிள்ளைகளைக் கிளப்புவது என்றால் என்னவென்று ரிசெப்ஷன் டீச்சருக்குத்தான் தெரியும். கோட்டு, தொப்பி, பூட்ஸ், கடைசியில் கையுறை. விரல் வைத்த கிளவுஸ் என்றால் ஒரே ஓட்டைக்குள் இரண்டு விரல் போகும், சுண்டுவிரல் எங்கேயோ காணாமல் போகும், அதைச் சரிசெய்வதற்குள் முதலில் உடுத்தி நின்ற பிள்ளை வியர்த்துப்போய்த் தொப்பியைக் கழற்றிவிடும். இந்த மிட்டனில் அந்தத் தொல்லையே இல்லை, கையை நீட்டச் சொல்லி ஒரே இழுப்பு, பட்டையை ஒட்டினால் முடிந்தது. விரல்கள் ஒன்றாகக் கிடப்பதால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்குக் கிடைக்கிறது, கையும் சீக்கிரம் விறைப்பதில்லை.

லண்டன் பனி பெரும்பாலும் ஈரப்பனி, பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே விழுவதால் அழுத்தினால் உடனே ஒட்டிக்கொள்ளும். உருண்டை பிடிக்கவும் பனிமனிதன் செய்யவும் அருமையாக இருக்கும், ஆனால் அந்த ஈரம்தான் கம்பளிக்குப் பகை. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பதால், நனைந்த கம்பளிக்குள் இருக்கும் பிஞ்சுக் கை கொஞ்ச நேரத்திலேயே சிவந்து வலிக்க ஆரம்பிக்கும், அப்புறம் அழுகை, அப்புறம் எல்லாரும் உள்ளே. அன்று வீட்டிலிருந்து கம்பளிக் கையுறையோடு வந்தவர்களுக்கும் வகுப்பு மிட்டனையே மாட்டிவிட்டோம், கை வலிக்கிறது என்று ஒரு பிள்ளைகூட வந்து நிற்கவில்லை. பள்ளத்தில் விழுந்து எழுந்தார்கள், பனிமனிதனுக்குத் தலை வைத்தார்கள், தலை உருண்டு ஓடியதைத் துரத்தினார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்த எனக்கும் பனியைக் கையில் அள்ளுவது இன்றுவரை திகட்டாத சந்தோஷம், பிள்ளைகளுக்குச் சமமாக நானும் உருட்டினேன்.

ஒருவன் ஒரு பெரிய உருண்டையைப் புத்தகப்பைக்குள் திணிக்கப் பார்த்தான். "மிஸ், அம்மம்மாக்குக் காட்டோணும்" என்றான். அதைப் பையில் வைக்க விடாமல் ஒரு வாளியை எடுத்து, நிரம்ப நிரம்பப் பனியை அள்ளி வகுப்புக்குள் கொண்டுவந்து வைத்தேன். உருகினால் தண்ணீர் எதுவரை இருக்கும் என்று ஆளுக்கொரு கோடு போட்டார்கள், நிறையப் பேர் வாளியின் விளிம்பிலேயே போட்டார்கள். உருகியபின் அடியில் கிடந்த கொஞ்சூண்டு தண்ணீரையும் அதில் மிதந்த இலைத் துணுக்கையும் பார்த்து, மீதியை யார் எடுத்தது என்று பெரிய விசாரணையே நடந்தது. பனிக்குள் பெரும்பகுதி காற்றுதான் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

கருநீல நிறத்தால் கிடைத்த நன்மை வாங்கும்போது யோசிக்காத ஒன்று. பிறகு ஒருநாள் விளையாட்டு நேரத்தில் பனி சற்றே தூவியபோது, பிள்ளைகளின் மிட்டன் மேல் விழுந்த பனித்துகள்கள் உடனே உருகவில்லை. உள்ளே ஃப்ளீஸ் இருப்பதால் கையின் சூடு வெளித்துணிக்கு எட்டுவதில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டிய குவியல்தான், ஆனால் நடுவே ஒன்றிரண்டு தனித் துகள்கள், ஆறு கைகளோடு. அமெரிக்காவின் வெர்மாண்டில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885இல் தொடங்கி 5000க்கும் மேற்பட்ட பனித்துகள்களை இப்படித்தான் கறுப்பு வெல்வெட் துணியில் பிடித்துப் படமெடுத்தார். அதை நான் சொன்னதிலிருந்து பிள்ளைகள் கையை ஆட்டாமல் நீட்டிக்கொண்டு நின்றார்கள், நாலு வயதில் அது சாதாரணக் காரியமல்ல. வெளிர் நிறம் வாங்கினால் இது கிடைக்காது.

குறைகளும் இருக்கின்றன. கட்டைவிரல் தையல் வழியாக, நீண்ட நேரம் பனியை நோண்டினால், ஈரம் இறங்குகிறது. ஒரு கையில் மாட்டியபின் மறுகைப் பட்டையைப் பிள்ளையால் தானாக ஒட்ட முடியாது, பெரியவர் வேண்டும். ஜோடியைச் சேர்த்து மாட்ட ஒரு கொக்கி வைத்திருக்கலாம், இல்லாததால் ஒற்றை மிட்டன்கள் சேர்ந்துவிட்டன. உள் ஃப்ளீஸ் காய நேரம் எடுக்கும், உட்புறத்தை வெளியே திருப்பிக் கொடியில் போடுங்கள். டிரையரில் போட்டால் பூச்சு வெடித்துவிடும், கழுவும் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது.

5க்கு 4 கொடுப்பேன். வாங்குவதானால் கோட்டின் கைக்கு மேலே ஏறும்படி ஒரு அளவு பெரியதாக எடுங்கள், அக்டோபரிலேயே எடுத்துவிடுங்கள். பனி வரும் என்று வானிலையில் சொன்ன பிறகு தேடினால் சின்ன அளவுகள் தீர்ந்துபோயிருக்கும்.