இதயத் துடிப்புச் சிகிச்சைகளுக்குக் குறியீடு இடக் கற்றுத்தரும் வகுப்பு

மருத்துவப் பதிவேட்டுக்குத் தரவு திரட்டும் பணியில் இருக்கும் நான், இதயத் துடிப்புக் கோளாறுகளுக்கான சிகிச்சைகளைப் பிழையின்றிக் குறியிடுவதற்கென்று, அதாவது ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைப் பதிவதற்கென்று, சிங்கப்பூரின் நொவீனா வட்டாரத்தில் தனியார் நிலையம் ஒன்று நடத்தும் வகுப்புக்கு இரண்டு சனிக்கிழமைகள் சென்றுவந்தேன். கட்டணத்தை நானே செலுத்தியதால், போகலாமா என்று கேட்கும் சக பணியாளர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் நாள் காலை முழுவதும் ஒரே ஒரு சிகிச்சை அறிக்கையைத்தான் படித்தோம். அதன் தலைப்பு ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அப்லேஷன்’ (இதய மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்புக்குக் காரணமான திசுவைச் சுட்டோ உறையவைத்தோ செயலிழக்கச் செய்வது) என்றிருந்ததால், நுரையீரல் சிரைகளிலிருந்து வரும் தவறான மின்தூண்டலைத் தடுத்து அவற்றைத் தனிமைப்படுத்தும் சிகிச்சைக்கான 93656 என்ற அமெரிக்கக் குறியீட்டை எல்லாரும் எழுதிவிட்டோம். இதயத்துக்குள் குழாய் செலுத்திச் சிகிச்சை தரும் கேத்லாபில் பல்லாண்டு பணியாற்றிய ஆசிரியை, கடைசிப் பத்தியைப் படிக்கச் சொன்னார். நோயாளிக்கு முன்பே ஈசிஜியில் பதிவாகியிருந்த ஏட்ரியல் ஃப்ளட்டர் என்ற வேகமான, ஆனால் சீரான மேலறைத் துடிப்புக்காக, வலது மேலறையின் கேவோட்ரைகஸ்பிட் இஸ்துமஸ் என்ற குறுகிய திசுப் பகுதியிலும் அப்லேஷன் செய்திருந்தார்கள். அது வேறு வழிமுறையில் தோன்றும் தனிக் கோளாறு என்பதால் 93655 என்ற குறியீட்டையும் சேர்க்க வேண்டும். சிரைகளைத் தனிமைப்படுத்திய பிறகும் நீடித்த ஃபிப்ரிலேஷனுக்காக மேலறையில் கூடுதலாகச் சுட்டிருந்தால் 93657 வரும். “எங்கே சுட்டார்கள் என்று பார்த்தால் போதாதம்மா, எதற்காகச் சுட்டார்கள் என்று தேடுங்கள்” என்று தேநீர் இடைவேளையில் அவர் எங்கள் இருவருக்குத் தமிழிலேயே விளக்கியது, எத்தனை கையேடு படித்தாலும் கிடைக்காத தெளிவு.

நோயின் வகையைப் பதிவதிலும் அதே பொறுமையைக் கற்றுத்தந்தார். மருத்துவர் வெறுமனே ‘ஏஎஃப்’ (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்) என்று எழுதியிருந்தாலும், ஏழு நாளுக்குள் அடங்கியதா, அதைத் தாண்டி நீடித்ததா, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் விடாமல் தொடர்ந்ததா என்பதை நோய் வரலாற்றிலிருந்து தேடி எடுக்க வேண்டும். நோய்களுக்கான பன்னாட்டுக் குறியீட்டு முறையான ஐசிடி-10-இல் முதல் வகைக்கு ஐ48.0, இரண்டாவதற்கு ஐ48.1 என்று குறியீடே மாறிவிடுகிறது. 2022 முதல் இதயத்தின் முப்பரிமாண மின் வரைபடமும் இதயத்துக்குள் செய்யும் எக்கோவும் (ஒலியலைப் படம்) 93656-க்குள்ளேயே அடங்கிவிட்டன. ஆனால் கட்டணப் பட்டியலில் தனியாக வராத ஒன்றைப் பதிவேட்டின் படிவம் தனியாகக் கேட்டால், அந்தக் கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது. இந்த வேறுபாட்டை இதற்குமுன் எனக்கு யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது சனிக்கிழமை பேஸ்மேக்கர், ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும் ஐசிடி கருவி ஆகியவற்றைப் பற்றியது. புதிதாகப் பொருத்துவதையும், மின்கலம் தீர்ந்து ஜெனரேட்டரை மட்டும் மாற்றுவதையும் பிரித்துக் காட்டியது நன்றாக இருந்தது. மற்றவற்றை விரைந்து கடந்துவிட்டார்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கையேட்டில் ரேடியோ அலை, குளிர் பலூன் ஆகிய இரண்டு ஆற்றல் வகைகளே இருக்கின்றன. அமெரிக்காவில் 2023 டிசம்பரில் அனுமதி பெற்ற, குறுகிய மின்துடிப்புகளைப் பயன்படுத்தும் பல்ஸ்டு ஃபீல்டு முறை அதில் இல்லை. அப்லேஷனுக்குப் பிந்தைய துடிப்புக் கோளாறுகளைத் தோல்வியாகக் கணக்கிடாத காலத்தை 2024-இன் பன்னாட்டு இணக்க அறிக்கை எட்டு வாரமாகக் குறைத்துவிட்டது. கையேடோ இன்னும் மூன்று மாதம் என்கிறது. மருத்துவச் சேமிப்பு, காப்புறுதித் திட்டங்களான மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் கோரிக்கைகளுக்கு நாம் அன்றாடம் பார்க்கும் சிங்கப்பூர் அறுவைச் சிகிச்சைக் குறியீட்டு அட்டவணைக்கு அரைமணி நேரம் மட்டுமே ஒதுக்கினார்கள். உள்ளூரில் கட்டணம் வாங்கி நடத்தும் வகுப்புக்கு இது பெரிய குறை.

ஆயினும், அறிக்கைகளை நேரடியாகப் படித்துக் குறியிடும் செவிலியருக்கும் தரவுப் பணியாளருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வகுப்பு முடிந்த வாரமே என் பழைய படிவங்களைத் திறந்து பார்த்தபோது, ஃப்ளட்டருக்கான அப்லேஷன் இரண்டு நோயாளிகளின் பதிவில் விடுபட்டிருந்ததைக் கண்டு திருத்தினேன். பணம் கட்டுமுன், கையேட்டைப் புதுப்பித்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.