மீன் வண்டிக்குப் பெட்டி கட்டக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

தடைக்காலம் வந்துவிட்டால் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மீன் ஏற்றுகிற எல்லாரும் வண்டி வேலை பார்க்கத்தான் கிளம்புவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், வண்டிக்கு ஓட்டம் குறைவு. பெயின்ட், டயர், பாடி வேலை எல்லாம் அப்போதுதான் முடியும். பட்டறைக்காரர்களுக்கும் அது தெரியும். சின்ன வேனுக்குள் ஐஸ் பெட்டி கட்டித் தருகிறேன் என்று சொல்லி ஒரு பட்டறை எங்களுக்குச் செய்ததை, இன்னொருவர் வண்டியைக் கொண்டுபோய் விடுவதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. நம் மாவட்டத்துக்கு வெளியே இருக்கிற பட்டறை என்பது மட்டும் போதும்.

முதலில் வண்டி. நானும் என் தம்பியும் சேர்ந்து மீன் எடுத்துப் பரமக்குடிக்கும் மதுரைக்கும் அனுப்புகிறோம். அவன் ஓட்டுவான், நான் ஏலத்தில் நின்று எடுப்பேன். குட்டி யானை வாங்கலாமா என்று ரொம்ப நாள் பேசினோம். 2005-இல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து இந்தக் கரையில் பாதிச் சரக்கு அதில்தான் போகிறது. பாரம் தாங்கும், உதிரிப் பாகம் எங்கேயும் கிடைக்கும். ஆனால் திறந்த வண்டி. மேலே பெட்டி தனியாகக் கட்ட வேண்டும். எங்கள் சரக்கு அவ்வளவு பெரிதும் இல்லை. நண்டு, கணவாய், விளைமீன், சீலா என்று விலை கூடிய மீனைக் கொஞ்சமாக எடுத்து, கெடாமல் கொண்டு சேர்ப்பதுதான் எங்கள் தொழில். அதனால் மூடிய வேனாக மாருதி ஈகோ கார்கோ எடுத்தோம். அந்தத் தேர்வில் இன்றைக்கும் எனக்குக் குறை இல்லை. குறுகிய தெருவில் நுழையும், பெட்ரோல் வண்டி என்பதால் சத்தமும் குறைவு. ஒன்றை மட்டும் தெரிந்து எடுக்க வேண்டும்: அதில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சூடு சீட்டுக்குப் பின்னால் இருக்கிற தடுப்பு வழியாகச் சரக்குப் பக்கம் வரும். சைலன்சர் குழாயும் தரைக்கு அடியில்தான் போகிறது. மீன் ஏற்றுகிறவர்கள் தடுப்புக்கும் தரைக்கும் நல்ல கனத்தில் சூடு தடுக்கும் காப்பு வைத்தே ஆக வேண்டும்.

இதையெல்லாம் சொல்லித்தான் பட்டறையில் கொடுத்தோம். அவர் கொட்டேஷனில் கையால் எழுதியது இது: நாலு பக்கமும் கூரையும் 50 மில்லிமீட்டர் பஃப் (சூடு தடுக்கும் பாலியூரித்தேன் நுரைப் பலகை), தரைக்கும் தடுப்புக்கும் 75 மில்லி, அலுமினியச் சட்டம், உள்ளே எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகில் ஒரு ரகம்) தகடு, ஐஸ் தண்ணீர் வெளியேற குழாய். மொத்தம் 78,000 ரூபாய். வண்டியின் எடை நூறு கிலோவுக்கு மேல் ஏறாது என்றும் சொன்னார். கூரையை வெட்டிக் காற்றுப்போக்கி வைத்துத் தருகிறேன் என்றும் கேட்டார். ஆர்.சி.-யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) இருப்பதற்கு மாறாக வண்டியை வெட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் வரும், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்று தம்பி சொல்லி, வேண்டாம் என்றுவிட்டான். அதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள் என்று அவர் சிரித்தார். அப்படிச் சிரிக்கிற பட்டறைக்காரரிடம் உஷாராக இருங்கள்.

வண்டி தயார் என்று போன் வந்ததும் போய்ப் பார்த்தேன். சும்மா பார்த்துவிட்டு வரவில்லை. "அண்ணே, உள்ளே பஃப் தானா? காட்டுங்க" என்று கேட்டேன். "உனக்கு இல்லாததா தங்கச்சி" என்று பின்கதவு ஓரத்தில் ஒரு ரிவெட்டை எடுத்துத் தகட்டை நெம்பிக் காட்டினார். மஞ்சள் நிறத்தில் கெட்டியான பஃப் இருந்தது. தகட்டில் காந்தம் வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. "பாரு, 304" என்றார். பணம் கொடுத்து வண்டியை எடுத்தோம்.

இந்த இரண்டு காட்டலும் ஏமாற்று. இரண்டையும் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்தவருக்கும் இதையேதான் காட்டுவார்கள்.

காந்தம் ஒட்டாதது 202-க்கும் 304-க்கும் பொதுவானது. 202 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்த மலிவான எஃகு. வீட்டுக் கைப்பிடிக்கு ஆகும். உப்புத் தண்ணீரும் மீன் கழிவும் படும் இடத்துக்கு ஆகாது. 304-இல் நிக்கல் எட்டு சதவீதத்துக்கு மேல் இருக்கும். கடலோரத்துக்கு இன்னும் நல்லது 316, அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், விலையும் அதிகம். 202-ஐயும் 304-ஐயும் பிரிக்கக் காந்தம் உதவாது. பழைய இரும்பு, பாத்திர வியாபாரிகள் ஒரு சோதனைத் திரவம் வைத்திருப்பார்கள். ஒரு சொட்டு விட்டுச் சின்ன பேட்டரியைத் தொட வைத்தால், மாங்கனீசு கூடின எஃகு நிறத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் திரவத்தோடு போங்கள். இல்லையென்றால் தகடு வாங்கிய பில்லையே காட்டச் சொல்லுங்கள்.

பஃப் விஷயம் அதைவிட மோசம். அவர் நெம்பிக் காட்டிய கதவு ஓரத்தில் மட்டும்தான் பஃப். மற்ற எல்லா இடத்திலும் தெர்மாகோல் அட்டை. காட்டுவதற்கென்றே ஒரு இடத்தை முன்கூட்டி நிரப்பி வைத்திருந்தார்கள். எங்கே திறக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டும்; அவர் கை போகிற இடத்தில் பார்த்து ஒரு பயனும் இல்லை.

வெளியே தெரிய வந்தது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். மண்டபத்திலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மீனுக்குச் சமமாக ஐஸ் போட்டு விடியற்காலையில் கிளம்பினாலும், பரமக்குடி தாண்டும் முன்பே பாதி ஐஸ் தண்ணீராகிக் கிடந்தது. மதுரையில் கணவாயைத் தொட்டுப் பார்த்தவர் விலையைக் குறைத்தார். பட்டறைக்குப் போன் செய்தால், "ஐஸைக் கம்மியா போட்டுட்டு என்னைச் சொல்றியா தங்கச்சி" என்று பதில். அப்புறம் 304 என்று சொன்ன தகட்டில் ஸ்க்ரூ தலையைச் சுற்றிப் பழுப்புப் புள்ளி விழ ஆரம்பித்தது. எவ்வளவு கழுவினாலும் போகாத ஒரு நாற்றமும் வந்தது. நான் பிறந்ததிலிருந்து மீனோடு இருக்கிறவள். மீன் வாடைக்கும், எங்கேயோ அடைபட்டு அழுகுகிற தண்ணீரின் வாடைக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

ஆனால் என்னை நிஜமாகப் பயமுறுத்தியது வேறு. ஆயில் மாற்றக் கீழக்கரை மெக்கானிக் ஒருவரிடம் விட்டிருந்தோம். காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இந்தத் தண்ணிக் குழாயை எவன் இங்க விட்டான்?" என்றார். ஐஸ் தண்ணீர்க் குழாயை வண்டிக்கு வெளியே இழுத்து விடாமல், தரையில் ஒரு ஓட்டை போட்டு அப்படியே விட்டிருந்தார்கள். உப்பும் ரத்தமும் கலந்த தண்ணீர் நேராகச் சேஸின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) மேலும், பின் சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப்பின் மேலும் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பைப்பின் மேல்பூச்சு போய், துரு செதில் செதிலாக எழும்பி இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பாம்பன் பாலத்தில் இறங்கும்போது தம்பிக்குப் பின் பிரேக் இல்லாமல் போயிருக்கலாம். வியாபார நஷ்டத்தை நான் பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுக்க மாட்டேன்.

அன்றைக்கே பெட்டியைப் பிரித்தோம். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இரண்டு பேரைச் சாட்சிக்கு நிற்க வைத்து, ஒவ்வொரு தகட்டைக் கழற்றும்போதும் படம் எடுத்தோம். அலுமினியச் சட்டம் என்று பணம் வாங்கியது இரும்பு ஆங்கிள், மேலே வெள்ளிப் பெயின்ட். சீட்டுக்குப் பின்னால் 75 மில்லி என்று எழுதின தடுப்பில் வெறும் பிளைவுட், காப்பே கிடையாது. சட்டத்தை நிறுத்த வண்டியின் தரையில் கண்ட இடத்தில் துளை போட்டு ஸ்க்ரூ முறுக்கியிருந்தார்கள். துளை விளிம்புக்கு ஒரு சொட்டு பிரைமர்கூட இல்லை. கடலோரத்தில் தகட்டைத் துளைத்துவிட்டுப் பூசாமல் விட்டால் துரு அங்கேதான் தொடங்கும். எஸ்.எஸ். தகட்டோடு சாதாரண இரும்பு ஸ்க்ரூவைச் சேர்த்து உப்புத் தண்ணீரில் நனைத்தால் ஸ்க்ரூ இன்னும் வேகமாக அரிக்கும். வெளியே தெரிந்த பழுப்புப் புள்ளிக்குக் காரணம் அதுதான்.

தெர்மாகோலா பஃப்பா என்று சந்தேகம் வந்தால் ஒரு துண்டு எடுத்துப் பெட்ரோல் ஒரு சொட்டு விடுங்கள். தெர்மாகோல் கரைந்து குழிந்துவிடும், பஃப் அப்படியே நிற்கும். அதே கனத்துக்குத் தெர்மாகோல் பஃப் அளவு சூட்டைத் தடுக்காது. அட்டைக்கு அட்டை விட்ட இடைவெளியில் தண்ணீர் புகுந்து நின்றதுதான் அந்த நாற்றம்.

எடைக் கணக்கையும் சொல்ல வேண்டும், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பட்டறைக்கு விடும் முன் காலி வண்டியை எடைமேடையில் நிறுத்திச் சீட்டு வாங்கி வைத்திருந்தோம். பிறகு நிறுத்தினால் 190 கிலோ கூடியிருந்தது. நூறு கிலோ என்று சொன்னதற்கு 190. பெட்டியின் எடை கூடக் கூட ஏற்றக்கூடிய மீனின் எடை குறையும், ஏனென்றால் ஆர்.சி.-யில் எழுதின மொத்த எடையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000. சின்ன வண்டியில் 90 கிலோ என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் இழக்கிற மீன். அந்த இரண்டு எடைச் சீட்டும்தான் இன்று எங்கள் கையில் இருக்கிற நல்ல ஆதாரம்.

பில்லைப் பற்றியும் கேளுங்கள். கொட்டேஷனில் 304, பஃப், அலுமினியம் என்று எழுதியவர், பில்லில் "வேன் உள்வேலை" என்று ஒரே வரி போட்டிருந்தார். கேட்டதற்கு ஜிஎஸ்டிக்கு அப்படித்தான் போட வேண்டும் என்றார். ஜிஎஸ்டி பில்லில் பொருளின் விவரமோ வேலையின் விவரமோ இருக்க வேண்டும் என்பதுதான் விதி. கொட்டேஷனைப் படம் எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று அவர் சொன்ன குரல்பதிவும் இருந்ததால் நாங்கள் பிழைத்தோம். நீங்கள் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்: தகட்டின் ரகம், காப்பின் பெயரும் கனமும், சட்டம் எதில், கூடப்போகும் எடை எவ்வளவு.

படங்களை அனுப்பியதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். நேரில் போனபோது, "வியாபார வண்டிம்மா, நுகர்வோர் கோர்ட்டு எடுக்காது" என்று தைரியமாகச் சொன்னார். இந்தப் பேச்சை நம்பி யாரும் திரும்பி வந்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக வாங்கியதை வணிக நோக்கமாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு வண்டி வைத்துத் தானே ஓட்டிப் பிழைக்கிறவர் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கான புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915 உதவி எண்ணில் பதிவு செய்தோம். பிறகு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை.

வண்டியைச் சும்மா நிறுத்த முடியாது என்பதால் மறுபடி கட்டினோம், இந்த முறை நம் ஊரிலேயே. பிரேக் பைப்பை மாற்றி, துளைகளை அடைத்து, அடிப்பக்கம் முழுக்கத் துருத் தடுப்புப் பூச்சு அடித்த பிறகுதான் பெட்டி. ஃபைபர் வள்ளம் கட்டுகிறவர் ஒருவர் உள்பக்கத்தைச் செய்து தந்தார். பஃப் பலகைகளை நெருக்கி வைத்து, மேலே ஃபைபர் பாயும் ரெசினும் பூசி, இணைப்பே இல்லாமல் ஒரே ஓடாக எடுத்தார். துரு பிடிக்க அதில் எதுவும் இல்லை, தண்ணீர் புக இடுக்கும் இல்லை. ரெசின் பட்டால் தெர்மாகோல் உருகிவிடும், அதனால் ஃபைபர் வேலையில் தெர்மாகோலைப் பஃப் என்று சொல்லி ஏமாற்ற வழியில்லை என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. தரையைக் கதவுப் பக்கம் கொஞ்சம் சாய்த்து, குழாயைச் சேஸுக்கு வெளியே இழுத்து, மூடி போட்டுக் கொடுத்தார். வண்டி ஓடும்போது மூடியிருக்கும், ரோட்டில் மீன் தண்ணீர் கொட்டாது. நிறுத்தும் இடத்தில் திறந்து விடலாம்.

செலவு இரண்டாவது முறையும் ஆகிவிட்டது. ஆனால் ஐஸ் மதுரை வரை நிற்கிறது.

ஃபைபர் பெட்டி கட்டுகிறவர்கள் இரண்டைக் கவனியுங்கள். ரெசின் நன்றாகக் காய்ந்து வாடை போகும் வரை மீன் ஏற்றாதீர்கள், மீனில் அந்த வாடை ஏறிவிடும். அப்புறம், தடைக்காலத்தில் வள்ளக்காரர்களுக்குப் படகுப் பழுது வேலையே தலைக்கு மேல் இருக்கும். மார்ச் மாதத்திலேயே சொல்லி வைத்தால்தான் நாள் கிடைக்கும். ஏற்கெனவே வேறு எங்காவது பெட்டி கட்டி ஓட்டுகிறவர்கள், இந்த வாரமே வண்டியைத் தூக்கி நிறுத்தி, தண்ணீர் எங்கே சொட்டுகிறது, பிரேக் பைப் எப்படி இருக்கிறது என்று ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.