மைக்ரோவேவ் அடுப்புக்குச் சதுர அலை இன்வெர்ட்டரா, சைன் அலை இன்வெர்ட்டரா?

வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதி வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப நெடுநேரம் ஆகலாம் என்பதால், மைக்ரோவேவ் அடுப்பையும் இன்வெர்ட்டரில் இயக்க விரும்புவோர் உண்டு.

மின்னழுத்தம் சீராக ஏறி இறங்காமல் சட்டெனத் தாவி மாறும், விலை குறைந்த சதுர அலை இன்வெர்ட்டர், மின்விசிறியே அதிகம் தேவைப்படாத நம் மலையில், விளக்குகளுக்குப் போதும், மைக்ரோவேவுக்கு ஒத்துவராது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம், சீராக ஏறி இறங்கும் சைன் அலையின் உச்சத்தில் ஏறத்தாழ 325 வோல்ட்டைத் தொடுகிறது. வழக்கமான அடுப்புகளில், நுண்ணலையை உண்டாக்கும் மேக்னட்ரானுக்கு உயர் மின்னழுத்தம் தரும் மின்மாற்றியும் மின்தேக்கியும் அந்த உச்சத்தை நம்பியே அமைக்கப்பட்டவை. சதுர அலையில் உச்சம் அவ்வளவு உயராததால் உணவு சரியாகச் சூடாவதில்லை; மின்மாற்றியோ இரைந்துகொண்டு தானே சூடேறுகிறது. சைன் அலை இன்வெர்ட்டரில் இத்தொல்லை இல்லை. விலை கூடுதல், அவ்வளவுதான்.

எதை வாங்கினாலும், அடுப்பின் மேல் எழுதியிருக்கும் 800 வாட் என்பது உணவுக்குள் செல்லும் திறன் மட்டுமே என்பதையும், அடுப்பு இழுப்பது 1200 வாட் அளவில் இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வீடுகளில் பரவலாக உள்ள 900 விஏ (வோல்ட்-ஆம்பியர், இன்வெர்ட்டரின் திறனைக் குறிக்கும் அளவு) இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. 12 வோல்ட் பேட்டரி ஒன்றிலிருந்து 100 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சுவதைவிட, இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட், 2000 விஏ சைன் அலை அமைப்பே பொருத்தமானது. ஈய-அமில பேட்டரியின் கொள்ளளவு குளிரில் குறையும் என்பதால், ஊட்டியின் ஜனவரி இரவுகளில் பால் காய்ச்சுவதோடு நிறுத்திக்கொண்டு, சோற்றுக்குக் கேஸ் அடுப்பைப் பற்றவைப்பதே நல்லது.