ஆவணக் கிடங்கா, ஆள்வழிக் கைமாற்றா?

1996இல் உலக வங்கியை, கடனோடு அனுபவ அறிவையும் பகிரும் ‘அறிவு வங்கி’ ஆக்குவோம் என்று அதன் தலைவர் ஜேம்ஸ் வோல்ஃபென்சன் அறிவித்தார். அறிக்கைகள் குவிந்தன. கொள்கை அறிக்கைகளில் 31 சதவீதத்துக்கும் மேல் ஒருமுறைகூடப் பதிவிறக்கப்படவில்லை என்று 2014இல் அவ்வங்கியின் ஆய்வே சொன்னது.

நிதியுதவியில் ஊர்ப்பணி செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கும் இதே கேள்விதான். ஆவணம் தேவைதான். ஊழியர் விலகினாலும் கணக்கும் ஒப்பந்தமும் அதில் நிற்கும். ஆனால் ஊரில் யாரிடம் முதலில் பேச வேண்டும், போட்ட கைப்பம்பு ஏன் ஆறே மாதத்தில் கைவிடப்பட்டது என்பதையெல்லாம் எவரும் எழுதுவதில்லை. நிதி தருபவர் படித்துவிடுவாரே என்ற அச்சம். விலகுபவரும் புதியவரும் ஒரு மாதமாவது சேர்ந்து களத்துக்குப் போனால்தான் அந்த அனுபவ அறிவு வாய்வழியே வரும். அந்த இரட்டைச் சம்பளத்துக்குத் திட்ட நிதியில் பெரும்பாலும் இடமிருப்பதில்லை என்பதுதான் வேதனை. நானாக இருந்தால் முதல் ஒதுக்கீடு அதற்கே.